கையசைத்தவர்: எம்.எஸ். விசுவநாதனும் அவர் முன் அமர்ந்தவர்களும்



‘மெல்லிசை அமைத்து, வாத்தியக் குழுவையும் நடத்திய ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள்’ என்றுதான் இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் எனக்குச் சொன்னார்கள். எந்த நாட்டுக்காரர் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் பிரான்சு நாட்டு மார்சேய் நகரத்தில் 1925-இல் பிறந்த போல் மோரியா. இன்னொருவர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த மனையங்கத்து சுப்பிரமணியன் விசுவநாதன். இருவருக்கும் வயதில் மூன்றே ஆண்டு வித்தியாசம். இருவர் செய்த தொழிலும் ஒன்று. முன்னவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் பின்னவரிடம் போகிறேன். ஏனென்றால் பின்னவரின் கையை நான் பத்து வயதில், தோட்டத்துத் திடலில், வெள்ளைத் துணியில் பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் நம் மாவட்டத்துக்கு அந்நியர் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட ஆன்ரி ஃபோகோனியே ஒரு பிரெஞ்சுக்காரர். 1917-இல் மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது அவருடைய தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேளுங்கள்: தென்னமரம்! செம்பனைக்கு முதல் வீடு கொடுத்த தோட்டத்துக்கு நம் மொழியில் பெயர். அவர் எழுதிய ‘மலேசி’ நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. நம் முன்னோரும் அந்த நாவலில் வருகிறார்கள்.

போல் மோரியா மார்சேயில் முறையாக இசை படித்தவர். இளம் வயதிலேயே நடனக் கூடங்களில் வாசிக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பிறகு பாரிசுக்குப் போய் சார்ல் அஸ்னவூர் போன்ற பாடகர்களுக்குப் பின்னணி இசை ஒழுங்கு செய்து கொடுத்தார். அறுபதுகளின் நடுவில் தம் பெயரிலேயே ஒரு பெரிய வாத்தியக் குழுவை அமைத்தார். ஆந்திரே பொப் என்பவர் மெட்டமைத்த ஒரு பாட்டு 1967 யூரோவிஷன் போட்டியில் நான்காவதாகத்தான் வந்தது. அதே மெட்டைப் பாடகரே இல்லாமல், வயலின்களையும் ஹார்ப்சிகார்டையும் வைத்து மோரியா ஒழுங்கு செய்தார். ‘லவ் இஸ் புளூ’ என்ற பெயரில் அது 1968-இல் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. மெட்டு வேறொருவருடையது. ஆனால் எந்த வாத்தியம் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று தீர்மானித்தவரின் பெயர்தான் உறையில் பெரிய எழுத்தில் வந்தது. 1998-இல் ஜப்பானின் ஒசாகாவில் கடைசியாக மேடையேறி ஓய்வு பெற்றார். 2006-இல் காலமானார்.

அந்த வேலைக்கு, அதாவது வாத்தியங்களை ஒழுங்கு செய்யும் வேலைக்கு, அங்கே உறையில் இடம் இருந்தது. நம்மிடம் அது எங்கே இருந்தது? இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

விசுவநாதனின் பிள்ளைப் பருவம் நம் தோட்ட லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புரியாத ஒன்று அல்ல. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயோடு கண்ணூரில் தாத்தாவின் ஆதரவில் வளர்ந்தார். திரையரங்கில் தின்பண்டம் விற்றிருக்கிறார். நீலகண்ட பாகவதரிடம் இசை கற்று, பதின்மூன்று வயதில் மேடையில் பாடினார். நடிகராக வேண்டும் என்ற ஆசையோடு திரைப்படக் கம்பெனியின் வாசலுக்குப் போனவருக்குக் கிடைத்தது எடுபிடி வேலை. கோயம்புத்தூரில் ஜூபிடர் பிக்சர்ஸ் இருந்த காலம். எஸ்.எம். சுப்பையா நாயுடு அங்கே இசையமைப்பாளர். தேநீர் வாங்கிக் கொடுத்து, ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த பையன், ஆள் இல்லாத நேரத்தில் அந்த ஆர்மோனியத்தை வாசித்துப் பார்த்தான். அவன் போட்ட மெட்டு ஒன்று நாயுடுவின் காதில் விழுந்து, 1948-இல் வந்த ‘அபிமன்யு’ படத்தில் இடம்பெற்றது. ஆனால் அப்போது அதை வெளியே சொல்லக் கூடாது என்று நாயுடு அவனைத் தடுத்துவிட்டார். கம்பெனி கோவையை விட்டுச் சென்னைக்குப் போகும் வேளையில்தான் முதலாளிகளிடம் உண்மையைச் சொல்லி, இவனை விட்டுவிடாதீர்கள் என்று ஒப்படைத்தார். விசுவநாதனே மேடைகளில் சொல்லி வந்த கதை இது. சொல்லும்போது குரலில் மனத்தாங்கலே இருக்காது. அந்த நாயுடுவைக் கடைசிக் காலத்தில் ஒரு மகனைப் போல் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

சென்னையில் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் சேர்ந்தார். திருச்சியிலிருந்து வந்திருந்த டி.கே. ராமமூர்த்தி அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். இவரைவிட ஆறு வயது மூத்தவர். வயலின் அவருக்கு வாரிசாக வந்த கலை. 1952 ஜூன் மாதம் சுப்பராமன் திடீரென்று இறந்துபோனார். வயது இருபத்தெட்டு. ‘தேவதாஸ்’ உட்படப் பல படங்கள் பாதியில் நின்றன. குழுவில் இருந்த இந்த இருவரும் அவற்றை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணன் தம்முடைய ‘பணம்’ படத்துக்கு இருவரையும் சேர்த்து இசையமைப்பாளர்கள் ஆக்கினார். பெயர் வரிசை மட்டும் இளையவர் முன்னே, மூத்தவர் பின்னே: விசுவநாதன் – ராமமூர்த்தி. மூத்தவர் அதற்கு ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள். ‘பாகப்பிரிவினை’, ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘ஆயிரத்தில் ஒருவன்’. இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே அரங்கில் சில உதடுகள் அசைவது எனக்குத் தெரிகிறது. 1963-இல் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் கையால் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் கிடைத்தது.

‘மெல்லிசை’ என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதை லேசான இசை, பளுவில்லாத இசை என்று ஒதுக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாத்திரிய இசையில் பயின்ற நண்பர் ஒருவர் என்னிடமே அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, மத்தியானம் வரை ரப்பர் மரம் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து, மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து வானொலியைத் திருப்பும் ஒருவருக்கு மூன்றரை நிமிடம் கொடுக்கிறீர்கள். அந்த மூன்றரை நிமிடத்துக்குள் மெட்டு அவர் மனத்தில் ஏற வேண்டும். மறுநாள் மர நிரையில் நடக்கும்போது வாத்தியம் எதுவும் இல்லாமல் அவரே அதைப் பாட முடிய வேண்டும். கேட்பவருடைய தோளில் பாரம் இல்லை, உண்மை. அந்தப் பாரத்தை முன்கூட்டியே யாரோ சுமந்துவிட்டார்கள்.

சுமந்தவர்கள் யார், எப்படிச் சுமந்தார்கள் என்பதை இசை தெரியாத இளைஞர்களுக்காக விளக்குகிறேன். இயக்குநர் சூழ்நிலையைச் சொல்வார். விசுவநாதன் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெட்டுப் போடுவார். ஒன்று பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று, அதுவும் இல்லையென்றால் வேறொன்று. பக்கத்தில் பாடலாசிரியர் கண்ணதாசன். சில நேரம் மெட்டுக்குச் சொல் வரும், சில நேரம் சொல்லுக்கு மெட்டு வரும். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. பத்திரிகைகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு முக்கியமானது இதற்கு அடுத்த இடம்.

அடுத்தது முன்னிசை, இடையிசை. பாட்டு தொடங்குமுன் வருவதும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருவதும். விசுவநாதன் பாடிக் காட்டுவார். ஆர். கோவர்த்தனம், ஜோசப் கிருஷ்ணா, ஹென்றி டேனியல் போன்ற உதவியாளர்கள் அதைக் குறித்துக்கொண்டு வாத்தியக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அக்கார்டியனுக்கு மங்களமூர்த்தி, கிட்டாருக்கு ஃபிலிப்ஸ், டிரம்சுக்கு நோயல் கிராண்ட். வயலின் வரிசைக்கு ராமமூர்த்தியின் காது. அந்த நாளில் ஒலிப்பதிவு என்றால் எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசிப்பது. பாடகர் தனியாக ஒருநாள், வாத்தியம் தனியாக ஒருநாள் என்று வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. நாற்பதாவது ஆளாக உட்கார்ந்திருக்கும் வயலின்காரர் ஒரு சுரம் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் யார் உட்காருவது என்பதே ஒரு கணக்கு. புல்லாங்குழல் அருகே, டிரம்ஸ் தொலைவில். பாட்டின் பாதியில் ஷெனாய் முன்னால் கேட்க வேண்டும் என்றால் அந்த ஒரு விநாடியில் மற்றவர்கள் மூச்சை அடக்க வேண்டும். ‘கர்ணன்’ படத்துக்கு வடநாட்டு ஷெனாயும் சாரங்கியும் நம் வயலின்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்தன. வெவ்வேறு மொழி பேசும் ஆட்கள், வெவ்வேறு பயிற்சி. நடுவில் நின்று இரண்டு கைகளை மட்டும் வைத்து அத்தனை பேரையும் ஒரு மூச்சில் கொண்டுவந்தவர் விசுவநாதன்.

கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்திருப்பீர்கள். ஆற்றோரத்து பெரெம்பாங் மரத்தில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் எரிந்து, ஒரே நேரத்தில் அணையும். அவற்றுக்குக் கையசைக்க யாரும் இல்லை. பக்கத்து மின்மினியைப் பார்த்தே ஒவ்வொன்றும் தன் தாளத்தைச் சரிசெய்துகொள்கிறது. மனிதர்களுக்கு அது அவ்வளவு எளிதாக வருவதில்லை.

இப்போது எங்கள் தோட்டத்துத் திடலுக்கு வருகிறேன். இரண்டு கம்பத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாயும் கோணிச்சாக்கும் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே இடம் பிடிப்போம். துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தாலும் படம் தெரியும், எழுத்துதான் இடவலம் மாறி இருக்கும். ஒரு நாள் ‘சர்வர் சுந்தரம்’. 1964-இல் வந்த படம், எங்களிடம் வந்து சேர ஓரிரு ஆண்டு ஆகியிருக்கும். நாகேஷுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு பாட்டு. அந்தப் பாட்டு வழக்கம்போலப் பூந்தோட்டத்திலோ மாளிகையிலோ தொடங்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கியது. வரிசையாக வாத்தியக்காரர்கள். மைக்குக்கு முன்னால் பாடகர் டி.எம். சௌந்தரராஜன். அவர்களுக்கு எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், உடம்பெல்லாம் தாளமாக, இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நின்றார்.

“மாமா, அந்த ஆளு ஏன் கைய ஆட்டுறாரு?” என்று கேட்டேன். தாய்மாமன் எங்கள் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அவருதாண்டா விசுவநாதன். பிரட்டுல மண்டோரு ஆள் பிரிச்சு விடுறாருல்ல, அந்த மாதிரி.”

அதுவரை எங்களுக்குப் பாட்டு என்றால் சிவாஜி பாடுவது, எம்.ஜி.ஆர். பாடுவது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு சௌந்தரராஜன், சுசீலா. அந்த இரவில்தான் பாட்டுக்குப் பின்னால் ஒரு கூடம் நிறைய ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தமிழ்த் திரைப்படம் தன் வாத்தியக்காரர்களை அத்தனை நேரம் முகத்தோடு காட்டியது அபூர்வம். ஏவி.எம். நிறுவனத்துக்கும் இயக்குநர்கள் கிருஷ்ணன்–பஞ்சுவுக்கும் அதற்காக நான் நன்றிக்கடன் பட்டவன்.

மாமா அதோடு விடவில்லை. கோயில் ஆர்மோனியத்தை மையமாக வைத்து நான்கைந்து இளைஞர்களைச் சேர்த்தார். இசைத்தட்டு வாங்க வசதியில்லை. கோலாலம்பூர் வானொலியின் தமிழ்ப் பகுதி ஒலிபரப்பும் நேரத்தில் எல்லாரும் எங்கள் வீட்டு முன்புற ஐந்தடியில் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு: நீ தாளத்தை மட்டும் கேள், நீ இடையிசையில் வயலின் போவதை மட்டும் கேள், நான் அக்கார்டியனைப் பிடித்துக்கொள்கிறேன். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொன்றாகப் பிடித்ததைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு இடம் விட்டுப்போனால் அந்தப் பாட்டு மறுபடி ஒலிபரப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை ஒரு இடையிசைக்காக மூன்று வாரம் காத்திருந்தார்கள். விசுவநாதனின் கூடத்தில் நாற்பது பேர் செய்ததை ஐந்து பேர், ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா, இரவல் மாண்டலின், பால் வாளியில் தட்டிப் பழகிய ஒரு பையனின் பொங்கோஸ் ஆகியவற்றோடு செய்தார்கள். திருமணங்களிலும் தீமிதித் திருவிழாவிலும் வாசித்தார்கள். நோட்டு எழுதத் தெரியாது. ஆனால் யார் எப்போது அடங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. வானொலியின் ஒற்றைப் பெட்டிக்குள் கலந்து கேட்ட ஒலியிலிருந்து அதைப் பிரித்தெடுத்த அந்தக் காதுகளுக்கு நான் இன்றும் ஈடு காணவில்லை.

1965-இல் விசுவநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தார்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ அவர்கள் சேர்ந்து செய்த கடைசிப் பெரிய படைப்பு. பிரிவுக்குக் காரணம் என்று பலர் பலவற்றைச் சொல்வார்கள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பொதுவில் குறைத்துப் பேசாதபோது, நான் அதைக் கிளறப்போவதில்லை. முப்பது ஆண்டு கழித்து 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மீண்டும் சேர்ந்தார்கள்.

தனியாக நின்ற விசுவநாதனின் காலமும் நீண்டது. ‘சிவந்த மண்’, ‘உலகம் சுற்றும் வாலிபன்’, இயக்குநர் பாலசந்தரோடு செய்த படங்கள். 1979-இல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ கதையே ஓர் இசைக்குழு சிங்கப்பூருக்குப் போவதுதான். அது வந்த பிறகு நம் பக்கத்துத் தோட்டங்களில் கிட்டார் இல்லாத இசைக்குழுவே இல்லை என்று ஆனது. 1970-இல் தமிழ்நாட்டு அரசு மனோன்மணீயம் சுந்தரனாரின் பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றபோது, அதற்கு மோகன ராகத்தில் மெட்டு அமைத்தவரும் அவரே. 1986-இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தில் இளையராஜாவோடு சேர்ந்து உழைத்தார். தமக்குப் பின் வந்தவரோடு ஒரே படத்தில் பெயர் சேர்த்துக்கொள்ள மனம் விரிந்திருக்க வேண்டும். முதுமையில் ‘காதல் மன்னன்’, ‘காதலா காதலா’ படங்களில் நடித்தார். சிறுவயதில் வாசலோடு திரும்பிய ஆசை எழுபது வயதில் நிறைவேறியது.

இந்திய அரசின் பத்ம விருது அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 2012-இல் தமிழ்நாட்டு அரசு அவரையும் ராமமூர்த்தியையும் ஒரே மேடையில் அழைத்து, ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ பட்டமும் பொற்காசுகளும் காரும் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ராமமூர்த்தி போனார். 2015 ஜூலை 14 அன்று விசுவநாதன் போனார். அன்று காலை என் மாமா பெஸ்தாரி ஜெயா வீட்டில் மின்னல் பண்பலையைப் போட்டு வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. இடையிசை வரும்போதெல்லாம் வலது கை மட்டும் மடியிலிருந்து கொஞ்சம் எழும்பும்.

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்வார், பாடியவர் பெயரைச் சொல்வார், எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சொல்வார். அக்கார்டியன் வாசித்தவர் பெயரைச் சொன்னதில்லை. சென்னையில் அந்த வாத்தியக்காரர்களுக்கு ஒழுங்கான ஊதியமும் வேலைநேரமும் வேண்டும் என்று சங்கம் கட்டியவர் எம்.பி. சீனிவாசன், அவரும் ஓர் இசையமைப்பாளரே. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். வேலை செய்தவன் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை. எண்பதுகளில் மின்னணு விசைப்பலகை வந்து, பத்து வயலினின் ஒலியை ஒருவரே ஒரு விரலால் எழுப்பத் தொடங்கியபோது, அந்தக் கூடங்களிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர்கள் யார் யார் என்று எழுதி வைத்த ஏடு மிகக் குறைவு.

நம் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் இசைக்குழுக்களுக்கு அந்தக் குறைவான ஏடும் இல்லை. தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு வீடமைப்புப் பகுதியாகி, ஆட்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் சிதறிப்போனார்கள். ஆனால் வாசித்தவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். இந்த அரங்கிலேயே மூன்று பேரை நான் பார்க்கிறேன். அறக்கட்டளையாரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டு என்னைப் போல் ஒருவரை மேடையேற்றுவதற்குப் பதிலாக, அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் என்ன வாத்தியம், எந்தப் பாட்டின் எந்த இடையிசை கடைசிவரை பிடிபடவில்லை என்று கேட்டு அச்சில் கொண்டுவாருங்கள். இன்றைய அழைப்பிதழில் ‘சொற்பொழிவுக்குப் பின் மெல்லிசை’ என்று மட்டும் போட்டிருக்கிறது. திரைக்குப் பின்னால் ஆறு இளைஞர்கள் அரை மணி நேரமாக வாத்தியத்தைச் சுருதி சேர்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்கள் ‘சர்வர் சுந்தர’த்தின் அந்தக் கூடத்துப் பாட்டைத்தான் முதலில் வாசிக்கப் போகிறார்கள். தொடங்குமுன் அவைத்தலைவர் ஆறு பேர் பெயரையும், வாத்தியத்தின் பெயரோடு, ஒலிபெருக்கியில் ஒருமுறை வாசித்துவிட வேண்டும். பட்டியலை அவர் மேசையில் வைத்திருக்கிறேன்.